தடுப்பூசி போட்டும் ரேபிஸ் வருமா? நாய்க்கடிக்குப் பிறகு நரம்புக்குள் நடப்பது இதுதான்

2025 ஏப்ரல், மே மாதங்களில் கேரளாவில் அடுத்தடுத்து சில குழந்தைகள் ரேபிஸால் இறந்தார்கள். தடுப்பூசி போட்டும் இறந்தார்கள் என்பதுதான் பலரையும் உலுக்கியது. 'அப்போ ஊசி வேலை செய்யலையா?' என்ற கேள்வி கிளம்பியது. ஆகஸ்டில் டெல்லி தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதும், நாய்களைப் பிடிப்பதா விடுவதா என்ற சண்டைதான் மிச்சம். கடித்த பிறகு உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பேச ஆளில்லை. ஆனால் கேரளக் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

ரத்தம் வழியாக இல்லை, நரம்பு வழியாக

மூளையைத் தாக்கும் வைரஸ்கள் பலவும் ரத்தத்தில் ஏறித்தான் மேலே போகின்றன. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அப்படித்தான். ரத்தத்தில் சுற்றுகிற வைரஸை நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் கண்டு எதிர்க்க வாய்ப்பு உண்டு.

ரேபிஸ் அந்தச் சாலைக்கே வருவதில்லை. நாயின் எச்சிலோடு தசைக்குள் இறங்குகிறது. சில நாட்கள் அங்கேயே பெருகும். பிறகு, தசையும் நரம்பும் சேரும் இடத்தில் உள்ள ஏற்பியைப் பிடித்துக்கொண்டு நரம்பு நுனிக்குள் நுழைகிறது. நரம்பு செல்லுக்குள் சரக்கு ஏற்றி இறக்க ஏற்கெனவே ஒரு போக்குவரத்து அமைப்பு உண்டு. அதில் தொற்றிக்கொண்டு தண்டுவடத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் போகிறது. நரம்புக்குள் போய்விட்ட வைரஸை எதிர்ப்புச் சக்தி கண்டுபிடிப்பது கஷ்டம்.

நல்லவேளை, அதன் வேகம் குறைவு. ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர்தான். அதனால்தான் அறிகுறி தெரியப் பெரும்பாலும் 2 முதல் 3 மாதம் ஆகிறது. சிலருக்கு ஒரே வாரம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். காலில் கடித்தால் மூளைக்குத் தூரம் அதிகம். முகம், கழுத்து என்றால் குறைவு. விரல் நுனிகளில் நரம்பு அடர்த்தி அதிகம் என்பதால் கைக்கடியும் ஆபத்துதான். குழந்தைகளுக்கோ முகமே நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது. உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

செல் சாகாது, வேலைதான் நின்றுபோகும்

போலியோ வைரஸ், தசைகளை இயக்கும் நரம்பு செல்களையே கொன்றுவிடும். ஹெர்பிஸ் வைரஸ் மூளைக்குள் போனால் காதுக்கு மேலே உள்ள பக்கமடல் வீங்கி அழியும். அதற்கு அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் பிழைக்க வைக்கலாம். ரேபிஸின் பாணி வேறு. இறந்தவரின் மூளையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். 1903-ல் இத்தாலிய மருத்துவர் அடெல்கி நெக்ரி கண்டுபிடித்த சின்னச் சின்னத் திட்டுகள் மட்டும் செல்லுக்குள் தெரியலாம். கட்டடம் நிற்கிறது, உள்ளே கரன்ட் இல்லை. விழுங்குதல், மூச்சு, இதயத் துடிப்பு என்று ஒவ்வொன்றாகத் தடுமாறுகிறது.

தண்ணீரைக் கண்டால் பயம் என்பதும் இதனால்தான். விழுங்க முயலும்போதே தொண்டையும் மூச்சுத் தசைகளும் வலியோடு இறுகுகின்றன. பிறகு தண்ணீரைப் பார்த்தாலே அந்த இறுக்கம் வந்துவிடுகிறது. எல்லோருக்கும் இப்படி வராது. சுமார் 5-ல் ஒருவருக்கு வெறியும் இல்லை, தண்ணீர் பயமும் பெரிதாக இல்லை. கடிபட்ட இடத்திலிருந்து மெல்ல மெல்லப் பக்கவாதம்போல் பரவும். வேறு நரம்பு நோய் என்று மருத்துவர்களே நினைத்துவிடுவதும் உண்டு.

அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. 2004-ல் அமெரிக்காவில் வவ்வால் கடித்த ஒரு சிறுமியை மருந்தால் கோமாவில் வைத்துக் காப்பாற்றினார்கள். அதே முறையைப் பிறகு பலருக்கு முயன்றும் பெரிதாகப் பலன் கிடைக்கவில்லை.

ஊசி ஏன் தோற்கிறது?

தடுப்பூசி போட்டவுடன் பாதுகாப்பு வந்துவிடாது. உடம்பு ஆன்டிபாடி தயாரிக்க 7 முதல் 14 நாள் ஆகும். முகத்தில் ஆழமாகக் கடி என்றால் வைரஸ் அதற்குள் நரம்புக்குள் புகுந்துவிடலாம். இந்த இடைவெளிக்காகத்தான் இம்யூனோகுளோபுலின். இது ரெடிமேட் ஆன்டிபாடி. இதைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்தி, வைரஸை வாசலிலேயே மடக்குகிறார்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி எதுவாக இருந்தாலும் தடுப்பூசியோடு இதுவும் தேவை. முதல் ஊசி போட்டு 7 நாளுக்குமேல் ஆகிவிட்டால் இதைப் போடுவதில்லை. 'ஊசி போட்டாச்சு' என்று வீட்டுக்குக் கிளம்பும் பலர் கேட்காமல் விடுவது இதைத்தான். எல்லாம் சரியாகச் செய்தும் தோற்பது மிக அரிது. கடித்தபோதே பல் நேராக நரம்பைத் துளைத்திருந்தால் அது நடக்கலாம்.

இன்னொன்று, சோப்பு. இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பில் கரைந்துவிடும். குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அவசரப்பட்டுத் தையலும் வேண்டாம்.

சென்னையில் உள்ள ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்திய ஆய்வு, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் ரேபிஸால் இறப்பதாகக் கணக்கிடுகிறது. நாய் கடித்தவர்களில் ஐந்தில் ஒருவர் ஒரு ஊசிகூடப் போடவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. இதில் 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' பயத்துக்கும் பங்கு இருக்கும் என்றே தோன்றுகிறது. அது ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்து. குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் ஒருகாலத்தில் தயாரித்ததுதான். அரிதாகச் சிலருக்கு அந்த மருந்தே நரம்பைப் பாதித்தது. அது நிறுத்தப்பட்டு இருபது வருடம் ஆகிறது. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசி. 0, 3, 7, 28 என நான்கே நாட்கள் போனால் போதும்.

நாய்க்குட்டி கடித்தாலும், வீட்டு நாயின் பல் லேசாகக் கீறினாலும் முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. கடித்த நாய் 10 நாள் வரை ஆரோக்கியமாக இருந்தால், மீதியை நிறுத்தலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். கடிபட்டு ஒரு மாதம் ஆகிவிட்டதே, இனி எதற்கு என்றும் விட வேண்டாம். அறிகுறி வராதவரை வைரஸ் இன்னும் வழியில் இருக்கலாம். இன்றைக்குப் போனாலும் ஊசி போடுவார்கள்.