தலைக்கு எவ்வளவு?

ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் ‘டிவைடிங் சிஸ்டம்’ என்பதை நிறுத்திவிட்டு, மெஸ்ஸை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டார்களாம். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான். சாப்பாடு தேவலையாகக்கூட இருக்கலாம். எனக்கென்னவோ மனம் ஒப்பவில்லை. மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவென்று பங்கு போடும் அந்த முறையில், மெஸ் பிரதிநிதியான மாணவன் விடியற்காலையில் காய்கறிச் சந்தைக்குப் போக வேண்டும், சமையல்காரரிடம் பேச வேண்டும், மாதக் கடைசியில் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு அத்தனை பேர் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பையனும் தருமபுரிப் பையனும் வெங்காய விலைக்காகச் சண்டை போட்டே சிநேகிதர்களாவார்கள். யார் வீட்டில் என்ன வசதி என்ற பேச்சே அங்கே எழாது. விடுதி என்றதும் ராகிங்கும் நினைவுக்கு வரும். அதற்கு எதிராக 1997-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது, மிக அவசியமான சட்டம். ஆனால் விடுதியில் என்ன நடக்கக் கூடாது என்பதைத்தான் சட்டம் சொல்லும். சீனியரும் ஜூனியரும் சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டாமா? புது மாணவர்களுக்கான வரவேற்பு விழாவோ ஒரே மாலையில் முடிந்துவிடுகிறது. ஒப்பந்தக்காரரே சமைக்கட்டும், என்ன சமைப்பது என்ற பட்டியலையும் கணக்குப் பார்ப்பதையுமாவது பிள்ளைகளிடம் விட்டுவையுங்கள், முதலாண்டு மாணவர்களையும் அந்தக் குழுவில் சேருங்கள்.