தோல் உள்ளே போச்சு, ஆள் எங்கே?

இலக்கிய வகுப்பை எப்படித் தொடங்குறது? ஆசிரியர் பயிற்சியில் இதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள்: ஆர்வமூட்டல். ஒரு படம், ஒரு விடுகதை, ஒரு நாட்டுப்புறப் பாட்டு. பிள்ளைங்க சிரிச்சதும் பாட்டை நிறுத்தி, கரும்பலகையைத் துடைத்து, 'ஆசிரியர் குறிப்பு' எழுதிப் போடுவாங்க. நம்ம பாட்டுக்கு 5 நிமிஷம், மதிப்பெண் முழுக்க மற்றதுக்கு. தூண்டில்ல மாட்டுற புழு வேலை இது. நமக்கு வேண்டாம்.

13 வயசுப் பிள்ளைங்களுக்கு நந்தனார் கதை நடத்துறீங்களா? ஒரு பறையைக் கொண்டு போங்க. வாசலில் தீ மூட்டிக் காய்ச்சி அடிச்சுக் காட்டுங்க. இது என்ன தோல், யார் உரிச்சாங்க, யார் பதப்படுத்தினாங்கன்னு கேளுங்க. அப்புறம் பெரியபுராணத்தையே திறங்க. ஆதனூர் நந்தன் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவன் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் பாடி வைத்திருக்கிறார். தோல் உள்ளே போனது. கொடுத்தவன் திருப்புன்கூரில் வெளியே நின்றான். நந்திதான் விலகியது, தீட்டு விலகவில்லை. தில்லையில் தீக்குழியில் இறங்கிப் பூணூலோடு எழுந்த பிறகே உள்ளே போக முடிந்தது. போனவன் திரும்பி வரவேயில்லை.

இப்போ கேளுங்க: 'வந்த உடம்போட ஏன் உள்ளே விடலை?' எந்தப் பிள்ளை தூங்கும்?

'இலக்கிய வகுப்புல சாதி எதுக்கு சார்?' என்பார்கள். உதவித்தொகைப் பட்டியலை வெச்சுக்கிட்டு 'எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்திரு'ன்னு சொன்ன அன்னைக்கே சாதி வகுப்புக்குள்ள வந்தாச்சு.

ஒன்று மட்டும் செய்யாதீங்க. 'நீ நல்லா அடிப்பியே, வா'ன்னு சேரிப் பிள்ளையைக் கூப்பிட்டு அதன் தோளில் பறையை மாட்டாதீங்க. வாத்தியாரே மாட்டிக்கட்டும். அவர் விரல் நோகட்டும். ஊர்ப் பிள்ளைங்க வாங்கி அடிச்சுப் பழகட்டும்.

மணியடிச்சதும் அந்தக் கேள்வியைத் துடைச்சிடாதீங்க. சேக்கிழாரிடம் இல்லாத வேதியப் பண்ணையாரை 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கதைக்குள் கொண்டு வந்தார். அவரவர் வசதிக்குக் கதையை மாற்றியிருக்கிறார்கள். நம்ம பிள்ளைங்களும் மாத்தி எழுதட்டும். தீயில் இறங்க மாட்டேன்னு சொன்ன நந்தன், வாசலில் நின்னு என்ன பேசியிருப்பான்? அதைத் தேர்வுத் தாளில் நெடுவினாவாகப் போடுங்க. மதிப்பெண் கொடுங்க.