சத்தம் போதவில்லையா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த ஒரு குடியிருப்பில், சில மாதங்களுக்கு முன் ஓரிரவு தங்க நேர்ந்தது. வீட்டுக்காரர் இரும்பு உருட்டாலை ஒன்றில் இரண்டாம் ஷிப்டு முடித்து, பத்தரை மணிக்கு மேல்தான் வீடு திரும்பினார். உணவருந்தியவாறே தொலைக்காட்சியில் ஒரு திரைப்படத்தைப் போட்டார். கதாநாயகனும் அவன் தாயும் பேசும் காட்சி. ஒரு சொல்லும் விளங்கவில்லை. ரிமோட்டை எடுத்து ஒலியை 20இலிருந்து 35க்கு உயர்த்தினார். அடுத்த நொடியே அடியாட்கள் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தனர். தூளியில் உறங்கிய குழந்தை வீறிட்டு அழுதது. ஒலி குறைந்தது, மறுபடியும் பேச்சு, மறுபடியும் ரிமோட்.

"இந்த டி.வி.க்கு வயசாயிடுச்சுங்க. புதுசு வாங்கணும்" என்றார் அவர்.

"வாங்கி மூணு வருஷந்தான் ஆகுது" என்றார் அவருடைய மனைவி.

அன்பர்களே, இக்காட்சி நம்மில் பலருடைய இல்லங்களில் நாள்தோறும் நடைபெறுவதேயாகும். பழுது பெரும்பாலும் பெட்டியில் இல்லை. திரைப்படத்தின் ஒலி முதலில் அரங்கிற்கென்றே அமைக்கப்படுகிறது. 5.1 என்று குறிப்பார்களே, அதில் முன்புறம் மூன்று, பக்கங்களில் இரண்டு, ஆழ்ந்த அதிர்வுகளுக்கென ஒன்று என ஆறு ஒலித்தடங்கள் உண்டு. பேச்சு பெரும்பாலும் முன்புறத்து நடுத்தடத்தில்தான் வரும். மெல்லிய பேச்சுக்கும் வெடியோசைக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால்தான் அரங்கில் சுவை. அந்த ஆறையும் நம் வீட்டுத் தொலைக்காட்சி இரண்டு சிறு ஸ்பீக்கர்களில் அடக்க வேண்டியிருக்கிறது. மெல்லிய தட்டைப் பெட்டிகளில் அவையும் தரையையோ சுவரையோ நோக்கியே இருக்கின்றன. நடுத்தடம் சரிவரக் கலக்காவிடில் இசை முழங்கும். பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு. செட்-டாப் பெட்டியின் ஒலி அமைப்பிற்குள் சென்று, 5.1 என்றோ டால்பி என்றோ இருப்பதை 'ஸ்டீரியோ' அல்லது 'பி.சி.எம்.' என்று மாற்றிப் பாருங்கள். பிறகு தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் 'ஆட்டோ வால்யூம்', 'நைட் மோட்', 'கிளியர் வாய்ஸ்' என ஏதேனும் ஒரு பெயர் இருக்கும். முதலிரண்டும் உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லிய ஒலியை அதற்கு அருகே கொணர்கின்றன. மூன்றாவது பேச்சுக்குரிய அதிர்வுகளை எடுத்துக் காட்டுகிறது. பாட்டின் ஏற்ற இறக்கம் மழுங்கிவிடும் என இசைப்பிரியர்கள் குறைகூறுவர். உண்மைதான். இரவு பதினொரு மணிக்குத் தூளி ஆடும் வீட்டில் அக்குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

முதியவர்களுக்கு இது புதிதன்று. மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ் நிகழ்ச்சியைச் சிற்றலையில் கேட்டவர்கள், குரல் அலையலையாக எழுந்தும் அமிழ்ந்தும் வந்ததை மறந்திருக்க மாட்டார்கள். (அந்நிலையத்தின் சிற்றலை ஒலிபரப்பு 2018இல் நின்றுவிட்டது.) அக்குரலை இயன்றவரை சமப்படுத்த வானொலிப் பெட்டிக்குள்ளேயே ஒரு சுற்று இருந்தது. நைட் மோட் அதன் தூரத்து உறவினரே.

விளம்பரம் வந்தவுடன் வீடு அதிர்வது வேறு கதை. அதன் உச்ச ஒலி நிகழ்ச்சியின் உச்சத்தைத் தாண்டுவதில்லை. ஆனால் தொடக்கம் முதல் இறுதி வரை அந்த உச்சத்திலேயே நிற்குமாறு நெருக்கி அமைக்கிறார்கள். நம் செவி உச்சத்தை அளப்பதில்லை, சராசரியையே உணர்கிறது. செவி உணரும் உரப்பை அளக்கும் முறையொன்றைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வகுத்தது. அமெரிக்கா இதற்கென 2010இல் ஒரு சட்டமே இயற்றி, 2012 டிசம்பரிலிருந்து செயற்படுத்தியது. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளும் விளம்பரம் அளவு மீறி உரத்து ஒலிக்கலாகாது என்கின்றன. அவ்விதியை நம் செவிகள் அதிகம் கண்டதாகச் சொல்ல இயலவில்லை!

பென் டிரைவில் சேர்த்த பாடல்களோ ஆளுக்கொரு உயரம். அவரவர் பதிவு செய்த அளவு அப்படி. கணினியில் வி.எல்.சி. வைத்திருப்போர், அதன் ஒலி அமைப்பில் 'நார்மலைஸ் வால்யூம்' என்பதைத் தேர்ந்தால் ஓரளவு சமமாகும். யூடியூப் உரத்த பதிவுகளைத் தானே தாழ்த்துகிறது, மெல்லியவற்றை உயர்த்துவதில்லை. கைப்பேசியை புளூடூத் ஸ்பீக்கருடன் இணைப்பவர்கள் ஒன்றை நினைவிற்கொள்க: இரண்டிலும் தனித்தனியே ஒலியளவு உண்டு. கைப்பேசியை முக்காலுக்கு மேல் வைத்து, ஸ்பீக்கரில் ஏற்றி இறக்குவதே முறை. மாறாகச் செய்தால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

இவற்றுள் தொலைக்காட்சிக்கு உரியவற்றை அன்றிரவே செய்து பார்த்தோம். குழந்தை மறுபடி எழவில்லை. ஆயினும் வீட்டுக்காரர் 28க்குக் கீழே இறங்க உடன்படவில்லை. அவர் மனைவிக்கோ 16 போதுமாயிருந்தது.

"இவருக்குச் சத்தம் கேக்குதுங்க. பேச்சுதான் கேக்கல. பாப்பா கூப்பிட்டாகூடத் திரும்பறதில்ல" என்றார் அந்த அம்மையார்.

அப்போதுதான் ரிமோட்டைக் கீழே வைத்தேன். அவர் அவ்வாலையில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். காதில் என்ன வைத்துக்கொள்வீர்கள் என்று வினவினேன். பஞ்சு என்றார். பஞ்சு அந்த இரைச்சலுக்குத் தடுப்பே ஆகாது. 85 டெசிபெல் இரைச்சலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பதே எல்லை என்கிறது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம். அதற்கு மேல் 3 டெசிபெல் ஏறுந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறைய வேண்டும். இரைச்சல் முதலில் அரிப்பது நொடிக்கு ஏறத்தாழ 4,000 அதிர்வுள்ள கூர்மையான ஒலிகளை உணரும் திறனை. உயிரெழுத்துகளின் முழக்கம் காதில் விழும்; க, ச, த, ப ஆகியவற்றின் வேறுபாடு மங்கிவிடும். 'பல்' என்றாலும் 'கல்' என்றாலும் ஒன்றுதான். குழந்தைகளின் குரலும் பெண்களின் குரலும் முதலில் நழுவும். உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே ஒலியை எவ்வளவு ஏற்றினாலும் சத்தம் பெருகுமேயன்றிப் பேச்சு தெளியாது.

சோதித்துக்கொள்ளச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. "காது கேக்கலைன்னு தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிட்டா?" என்றார் பிறகு. அவ்வச்சம் வெறும் கற்பனையன்று. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரைச்சலால் நேரும் செவிக்குறைபாடு நம் தொழிலாளர் சட்டங்களில் தொழில்வழி நோயாக இடம்பெற்றுள்ளது, ஈ.எஸ்.ஐ. காப்பீட்டிலும் அதற்கு இடமுண்டு. அந்த உரிமையைக் கோர முதலில் வேண்டுவது சோதனைத் தாளே. அரசு மருத்துவமனைகளில் காது மூக்குத் தொண்டை மருத்துவரைக் கண்டால் அதற்கு வழிகாட்டுவார். அரை மணி நேர வேலை. வலி சிறிதும் இல்லை.

சென்ற மாதம் அவர் மனைவி தொலைபேசியில் பேசினார். சோதனை முடிந்துவிட்டதாம். இரு காதுகளிலும் குறை இருக்கிறது, இடக்காதில் சற்று அதிகம். செவிக்கருவிக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள், இன்னும் கைக்கு வரவில்லை. ஆலையில் பஞ்சுக்குப் பதிலாக ரப்பர் அடைப்பான் அணிகிறார். அதைக் கழுவிக் காயவைப்பது மூத்த மகளின் வேலை. தொலைக்காட்சி 22இல் நிற்கிறது. அவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, பெட்டிக்கு ஆறடி தூரத்தில் அமர்ந்து பார்க்கிறாராம்.