உயர்தரம் எழுதிய பிள்ளைக்கு ஒரு குவாண்டம் வேலை

யூடியூப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சேர், குவாண்டம் கணினி வந்தால் ஏஐ இன்னும் வேகமாகுமா?" வற்றாப்பளையில் பின்னேர ரியூசனில் பௌதிகவியல் படிப்பிக்கிற நான் அந்தக் கேள்வியைத் திருப்பிப் போடச் சொல்கிறேன். இன்றைக்கு உண்மையில் பலன் தருவது மறுவளமான காரியம். இயந்திரக் கற்றல்தான் குவாண்டம் கணினிக்குக் கைகொடுக்கிறது. அந்த வேலையில் எங்கள் வன்னிப் பிள்ளைகளுக்கு இப்போதே இடம் இருக்கிறது.

பிள்ளைகள் கேட்கிற பக்கத்திலும் பெரிய நம்பிக்கை இருந்ததுதான். ஒருவருக்கு எந்தப் படம் பிடிக்கும், எந்தப் பொருள் பிடிக்கும் என்று பரிந்துரைக்கும் கணக்கைக் குவாண்டம் கணினி மலைக்கும் வேகத்தில் செய்யும் என்று 2016இல் ஒரு வழிமுறை வந்தது. 2018இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 18 வயது மாணவி இவின் டாங், அந்த மலைப்பான வித்தியாசம் இல்லை, சாதாரணக் கணினிக்கும் அதற்கு ஈடான வழி உண்டு என்று நிறுவினார். அந்தப் பாதை அடைபட்டுப் போகவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் இளமைக்காலத்தை அதை நம்பி விடச் சொல்ல எனக்கு மனம் வராது.

மறுபக்கத்தைப் பாருங்கள். மேலோ கீழோ என்று இரண்டு நிலை கொண்ட 300 துணிக்கைகளின் குவாண்டம் நிலையை முழுதாக எழுத 2இன் 300ஆம் அடுக்கு எண்கள் வேண்டும். நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே அதைவிடக் குறைவு. 2017இல் கார்லியோ, ட்ரோயர் என்ற பௌதிகவியலாளர்கள் இப்படிப்பட்ட நிலைகள் சிலவற்றை ஒரு சிறிய நரம்பு வலையமைப்பால் சுருக்கி எழுதலாம் என்று காட்டினார்கள். அவர்கள் எடுத்தது போல்ட்ஸ்மன் இயந்திரத்தின் ஒரு வகை. அந்த இயந்திரத்துக்காகத்தான் நரம்பு வலையமைப்பு ஆராய்ச்சியாளர் ஹின்டனுக்கு 2024இல் பௌதிகவியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆனால் என்னை அதிகம் இழுப்பது குவாண்டம் கணினியின் பிழை திருத்தும் வேலை. கூகுளின் வில்லோ என்ற குவாண்டம் சில்லில் கியூபிட் எனப்படும் குவாண்டம் துணுக்குகள் 105 உண்டு. தனிச்சுழி வெப்பநிலைக்குச் சற்று மேலே குளிரூட்டி வைத்தாலும் அவை நொடிக்குள் குழம்பிவிடும். குழம்பியதா என்று நேரே அளந்து பார்த்தால் உள்ளே உள்ள தகவலே அழிந்துவிடும். ஒட்டுசுட்டான் பக்கம் வயல் காவலுக்குப் போகிறவர்கள் இருட்டில் யானையைக் காண்பதில்லை. எந்தெந்த வளவில் நாய் குரைக்கிறது என்பதை வைத்து அது போகும் வழியைக் கணிப்பார்கள். சில நாய் சும்மாவும் குரைக்கும், அதையும் கழிக்க வேண்டும். பிழை திருத்தலும் இப்படித்தான் நடக்கிறது.

இதை நான் கரும்பலகையில் கீறிக் காட்டுவேன். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு கியூபிட். அவற்றை நேரே அளக்காமல் கவனிக்க எட்டுச் சோதனைகள், அவைதான் குரைக்கும் நாய்கள். ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்வோம். நடுப்புள்ளி புரண்டால் இரண்டு சோதனைகள் மாறும். மூலைப்புள்ளி புரண்டால் ஒன்றுதான் மாறும். சில மூலைகளில் அந்த ஒன்றை மட்டும் கண்டால் மூலையா, அதற்குப் பக்கத்துப் புள்ளியா என்று சொல்ல முடியாது. சோதனையே பொய்யாகவும் இருக்கலாம். இணைந்த கணிதத்தில் நிகழ்தகவு செய்யும் பிள்ளை இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரும். வில்லோவில் 49 புள்ளிகள், 48 சோதனைகள், செக்கனுக்கு ஏறத்தாழ பத்து இலட்சம் சுற்று.

2024 நவம்பரில் கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட அல்ஃபாகியூபிட், இந்தக் கணிப்பைச் செய்யப் பழக்கிய ஒரு நரம்பு வலையமைப்பு. சாட்ஜிபிடி நிற்கிற அதே டிரான்ஸ்ஃபோமர் அமைப்புத்தான். மிகத் துல்லியமான, ஆனால் மெதுவான பழைய முறையைவிட 6 வீதமும், வேகமான இன்னொரு முறையைவிட 30 வீதமும் குறைவாகப் பிழைவிட்டது. ஆனால் வில்லோ வகைச் சில் ஓடும் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. இந்த இடைவெளியை அடைக்க உலகம் முழுவதும் ஆட்கள் முயல்கிறார்கள்.

இந்த வேலைக்குக் குளிரூட்டி தேவையில்லை. பிழைகளைப் போலச்செய்து காட்டும் 'ஸ்டிம்' மென்பொருள் இலவசம். கூகுள் தன் பரிசோதனைத் தரவுகளில் ஒரு பகுதியை எவரும் எடுக்கும்படி வைத்திருக்கிறது. மடிகணினி இல்லாத வீட்டில் கைபேசியிலிருந்தே கூகுளின் கொலாப் இணையதளத்தைத் திறந்து சிறிய கணக்குகளை ஓட்டலாம். 1918இல் பிறந்த எங்கள் சி. ஜே. எலியேசர் இலத்திரனின் இயக்கத்தை ஆராயக் கேம்பிரிட்ஜுக்குப் போய்ப் பௌதிகவியலாளர் டிராக்கிடம் படிக்க வேண்டியிருந்தது. இன்றைய பிள்ளைக்கு முதல் அடிக்குக் கப்பல் வேண்டாம்.

இல்லாதது வழிகாட்டலும் நேர ஒழுங்கும். நேரம் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். உயர்தரம் எழுதிய பிள்ளை பெறுபேறு, வெட்டுப்புள்ளி, கம்பஸ் அழைப்பு என்று மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் அந்த நாட்களில் கடையில் பில் போடுகிறார்கள், அல்லது வெளிநாட்டு முகவரைத் தேடுகிறார்கள். பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து அந்த மாதங்களில் சனி, ஞாயிறு வகுப்பொன்றைத் தமிழில் நடத்தட்டும். முதல் மாதம் பைத்தன், பிறகு தாயங்களும் சிக்கலெண்ணும், கடைசியில் அந்த ஒன்பது புள்ளிகளுக்குப் பிள்ளையே ஒரு கணிப்பானைப் பழக்கிப் பார்க்கட்டும். முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துச் செலவை ஊர்ச் சங்கங்களும் புலம்பெயர்ந்த பழைய மாணவர்களும் தரலாம். ஆசிரியர் போதாவிட்டால் நான் வருகிறேன். என்னைப்போல இன்னும் சிலரும் வருவார்கள்.