கமாவா, புள்ளியா? கொஞ்சம் பாருங்க பாஸ்!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நெட்டில் டேட்டா தேடுகிற ஆளா நீங்க? அப்போ இந்த வாரம் உங்களுக்குத்தான்.

காற்று மாசு பற்றி ப்ராஜெக்ட் செய்கிறவர்கள் அடிக்கடி எடுக்கும் டேட்டா ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் இலவசமாகத் தருகிற 'ஏர் குவாலிட்டி' ஃபைல். இத்தாலி நகரம் ஒன்றில் 2004 மார்ச் முதல் ஒரு வருஷம், மணிக்கு மணி அளந்தது. முதல் மூன்று மணி நேரத்தின் கார்பன் மோனாக்சைடு அளவு: 2,6 - 2 - 2,2.

அது என்ன 2,6? இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நாம் புள்ளி வைக்கிற இடத்தில் இத்தாலிக்காரர்கள் கமா வைப்பார்கள். ஜெர்மனி, பிரான்ஸிலும் இதே கதைதான். தப்பில்லை. புள்ளியோ கமாவோ, எது வைத்தாலும் சரி என்று எடை, அளவுகளுக்கான சர்வதேச மாநாடே 2003-ல் சொல்லிவிட்டது. ஆனால், நம்ம ஊர் செட்டிங்கில் இருக்கிற எக்ஸலுக்கு இது புரிய வேண்டுமே!

டபுள் கிளிக் செய்து திறந்தால், கமா இருக்கிற இடத்தில் எல்லாம் வெட்டிப் போட்டுவிடும். அது பரவாயில்லை, பார்த்த உடனே தெரிந்துவிடும். 'டேட்டா' மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.' வழியாகப் போனால்தான் ஆபத்து. கமாவை ஆயிரத்துக்குப் போடுகிற கமா என்று நினைத்து, சத்தமில்லாமல் தூக்கிவிடும். 26 - 2 - 22 என்று ஆகிவிடும். அழகாக கிராஃபும் வரும்! பத்தால் வகுத்துக்கலாமே என்கிறீர்களா? நடுவில் இருக்கிற 2 சரியான எண்ணாச்சே, அது 0.2 ஆகிவிடும். 13,6 டிகிரி வெப்பநிலை 136 ஆகியிருக்கும். "தண்ணியே கொதிச்சிருக்குமேப்பா?" என்று வைவாவில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சரி, எப்படித் தப்பிப்பது?

எக்ஸல்: அதே வழியில் போங்க. டிலிமிட்டர் செமிகோலன். 'டேட்டா டைப் டிடெக்ஷன்' என்ற இடத்தில், கண்டுபிடிக்கவே வேண்டாம் என்கிற கடைசி ஆப்ஷன். பிறகு 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா'. அங்கே முதல் வரிசையைத் தலைப்பாக்குங்கள். அப்போது 'சேஞ்ச்டு டைப்' என்ற ஸ்டெப் தானாகச் சேர்ந்தால், அதை நீக்கிவிடுங்கள். எண் காலம்களை செலக்ட் செய்து, ரைட் கிளிக், 'சேஞ்ச் டைப்', 'யூஸிங் லொகேல்'. டெசிமல் நம்பர், இத்தாலியன். முடிஞ்சது!

கூகுள் ஷீட்ஸ்: இம்போர்ட் செய்வதற்கு முன்பே 'ஃபைல் - செட்டிங்ஸ்' போய் லொகேலை இத்தாலி ஆக்குங்க.

லிப்ரே ஆஃபீஸ்: ஃபைலைத் திறக்கும்போது வருகிற பெட்டியிலேயே மொழியை இத்தாலியன் என்று மாற்றி, பிரிக்கும் குறியாக செமிகோலனை மட்டும் வைத்தால் போதும்.

எண்கள் ஏற்கெனவே '2,6' என்று எழுத்தாக உட்கார்ந்திருக்கிறதா? செல்லில் இடது பக்கம் ஒட்டி நின்றால் பெரும்பாலும் அது எழுத்துதான். கூட்டல் ஃபார்முலா அதைக் கண்டுகொள்ளாது. எக்ஸல் 2013 முதல் 'நம்பர்வேல்யூ' ஃபங்ஷன் இருக்கிறது. எந்த செல், டெசிமலுக்கு எந்தக் குறி, ஆயிரத்துக்கு எந்தக் குறி என்று மூன்றையும் கொடுத்தால் எண்ணாக்கித் தந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு 'ரீப்ளேஸ்' மட்டும் அடிக்காதீங்க. ஃபைலில் 1.234,5 மாதிரி ஒன்று இருந்தால் 1.234.5 ஆகி, எதற்கும் உதவாமல் போகும்.

கடைசியாக, ஒவ்வொரு காலத்திலும் மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது என்று பாருங்கள். இந்த ஃபைலில் மைனஸ் 200 என்று வரும். பதறாதீங்க, அளவு கிடைக்காத நேரத்துக்கு அவர்கள் வைத்த அடையாளம் அது. சராசரி எடுக்கும் முன் நீக்கிவிடுங்க. ஈரப்பதம் 489 சதவீதம் என்று வந்தால் மட்டும், மறுபடி முதலிலிருந்து இம்போர்ட் செய்யுங்க. இரண்டு நிமிஷ வேலை. ஒரு செமஸ்டர் உழைப்பு தப்பிக்கும்!