ரயில் பக்கம், தண்ணீர்?

பெங்களூரில் வீடு தேடுபவர்கள் இப்போது வாடகைக்கு முன்பே மெட்ரோ நிலையத்தை விசாரிக்கிறார்கள். 2011 அக்டோபரில் பையப்பனஹள்ளி - எம்.ஜி. ரோடு இடையே தொடங்கிய ரயில், 2023 அக்டோபரில் ஒயிட்ஃபீல்டு முதல் சல்லகட்டா வரை நீண்டது. 'நிலையத்துக்கு மிக அருகில்' என்றாலே தரகருக்குப் பாதி வேலை முடிந்தது. ஆனால் 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, அதே ஒயிட்ஃபீல்டில் பல அடுக்குமாடிகள் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தன. விவரமானவர்கள் வரவேற்பறைப் பளிங்கில் மயங்குவதில்லை. காவிரி இணைப்பு உண்டா, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா, லிஃப்ட் அடிக்கடி நிற்கிறதா என்று கேட்கிறார்கள். சங்கத்தின் கணக்கையும் புரட்டுகிறார்கள். ஆறு, பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் ஊராயிற்றே! கேட்க வேண்டியது தரகரை அல்ல, வாசல் காவலாளியை. வாரத்துக்கு எத்தனை லாரி வருகிறதென்று அவருக்குத்தான் தெரியும்.