எந்த ஆண்டு வெளியேறினீர்கள்?

2017 பெப்ரவரியின் கடைசி நாள்களில் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் அரச வேலை கேட்டுப் பந்தல் போட்டு அமர்ந்தார்கள். போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. எமது கொழும்புத்துறையிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய இடம் அது. இந்த ஊரில் பட்டதாரி இருக்கிற எந்த வீட்டுக்கும் அந்தப் பந்தல் அந்நியமாக இருந்திருக்காது.

2020இல் அரசு ஒரு விடை கொடுத்தது. நாடெங்கும் சுமார் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா படியுடன் பயிலுநர்களாக எடுத்துப் பின்னர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக நிரந்தரமாக்கியது. பட்டம் உண்டா, குறித்த திகதிக்கு முன் பெற்றதா என்பதே பிரதானமான கேள்வி. என்ன செய்யத் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நியமனம் கிடைத்த பலருக்கு என்ன வேலை கொடுப்பதென்று அலுவலகங்களுக்கே தெரியாமல் இருந்தது. பலர் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள்.

தனியார் நிறுவனங்கள் பட்டத்துக்கு மேல் "வேறு ஏதோ" கேட்கின்றன என்பது நம்மவர்களின் நெடுநாள் மனத்தாங்கல். அவை கேட்பது நியாயம் என்பதே எமது நிலைப்பாடு. அரசு கேட்காமல் விடுவதும், பல்கலைக்கழகம் கற்பிக்காமல் விடுவதும், தனியார் துறை தான் கேட்பதை வெளிப்படையாகச் சொல்லாமல் விடுவதும்தான் அநியாயம்.

அந்த "வேறு ஏதோ" என்ன? ஒரு வங்கியின் யாழ்ப்பாணக் கிளையை எடுத்துக்கொள்வோம். பாசையூரிலிருந்து படகு இயந்திரத்துக்குக் கடன் கேட்டு வருகிறவருக்கு ஏன் இப்போது கொடுக்க முடியாது என்பதை அவர் மனம் நோகாதபடி விளங்கப்படுத்த வேண்டும். அன்று பின்னேரமே அதே விடயத்தைத் தலைமையகத்துக்கு ஆங்கிலத்தில் அரைப் பக்கத்தில் எழுத வேண்டும். சிங்களத்தில் வரும் தொலைபேசி அழைப்புக்குத் தடுமாறாமல் பதில் சொல்ல வேண்டும். கணக்கில் பிழை விட்டிருந்தால் முகாமையாளர் கண்டுபிடிக்க முதல் தானே போய்ச் சொல்ல வேண்டும். இந்த நான்கில் எதற்கும் இறுதியாண்டுப் பரீட்சையில் வினா வருவதில்லை. நான்காவதுதான் முதலாளிமார் அதிகம் தேடுவது. நேர்முகத் தேர்வில் கண்டுபிடிக்க மிகவும் கடினமானதும் அதுதான்.

இதெல்லாம் கொழும்பிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். பிரித்தானியர் காலத்தில் யாழ்ப்பாணத்தார் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் எழுதுவினைஞர்களாகப் போய் பென்சனோடு திரும்பினார்கள். மிஷன் பள்ளிக்கூட ஆங்கிலம் அவர்களுக்கு வேலையை எடுத்துக் கொடுத்தது. தம்பியும் மருமகனும் அதே அலுவலகங்களில் நுழைய முடிந்ததற்கு, முன்னே போனவர்கள் நேரத்துக்கு வந்து, காசை ஒழுங்காகக் கையாண்டு சேர்த்து வைத்த பெயரும் ஒரு காரணம்.

இன்னும் கிட்டவே ஒரு உதாரணம் உண்டு. கொழும்புத்துறை தன் சொத்தாகக் கொண்டாடும் யோகர் சுவாமிகள், துறவுக்கு முன்னர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் களஞ்சியக் காப்பாளராக வேலை பார்த்தவர். பேரேட்டில் உள்ள சாமானும் களஞ்சியத்தில் உள்ள சாமானும் எந்த நாளில் எண்ணினாலும் ஒத்துப்போக வேண்டும், யாரும் எண்ண வராத நாளிலும் ஒத்துப்போக வேண்டும் என்பதே அந்த உத்தியோகத்தின் முழுச் சாரம். திறப்பை யார் கையில் கொடுக்கலாம் என்பதைத்தான் அன்றைய துரைமாரும் பார்த்தார்கள். இன்றைய மனிதவள முகாமையாளரும் அதையேதான் நீண்ட பெயர்கள் வைத்துத் தேடுகிறார்.

இந்தக் குணங்கள் பிறவியில் வருபவை, கற்பிக்க முடியாதவை என்றொரு வாதம் உண்டு. நம் நாட்டிலேயே அது பொய்யாகியிருக்கிறது. மருத்துவபீட மாணவர் பரீட்சைகள் எல்லாம் சித்தியடைந்த பிறகும் ஒரு வருடம் வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி முடித்தால்தான் முழுப் பதிவு. கல்வியியற் கல்லூரி ஆசிரிய மாணவர் மூன்றாம் ஆண்டைப் பாடசாலை வகுப்பறையில் கழிக்கிறார். பட்டயக் கணக்காளராக வேண்டியவருக்கு மூன்று வருட நடைமுறைப் பயிற்சி. கொழும்புத்துறையில் இருக்கும் புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடம் அளிக்கும் கத்தோலிக்கக் குருத்துவக் கல்வியிலும், புத்தகத்தோடு பங்கு மக்கள் நடுவே செய்யும் பணியும் பயிற்சியின் பகுதிதான். உயிரையும் பிள்ளைகளையும் காசையும் ஆன்மாவையும் ஒப்படைக்கிற இடங்களில் எல்லாம் வெறும் புள்ளியை நம்பக்கூடாது என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. கலைப்பட்டத்துக்கு மட்டும் ஏன் அந்த அறிவு வேலை செய்வதில்லை? ஒரு நாள்கூட ஓர் அலுவலகத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கால் வைக்காமல் இந்த நாட்டில் கலைப்பட்டம் எடுத்துவிடலாம். உயர்தரமும் அதற்கு மேலும் படித்தவர்களிடையேதான் வேலையின்மை வீதம் கூட என்று தொழிற்படை ஆய்வு ஆண்டுக்காண்டு சொல்கிறது. அவர்களுள்ளும் பெண்களிடம் இன்னும் கூட.

பெற்றோரும் இதில் தப்ப முடியாது. உயர்தர வகுப்புக்குப் பிள்ளை வந்ததும் துடுப்பாட்டம் நிற்கிறது, சாரணர் நிற்கிறது, கோயில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் பொறுப்பெடுப்பதும் நிற்கிறது. விடிய ஒரு ரியூசன், பின்னேரம் ஒரு ரியூசன். இசட் புள்ளியின் ஒரு தசமத்தில் பல்கலைக்கழக இடம் கைநழுவும் நாட்டில் அந்தப் பயத்தைக் குறை சொல்வது கடினம்தான். ஆனால் ஒரு குழுவை நடத்தவும், சண்டையைத் தீர்க்கவும், சேர்த்த காசுக்குக் கணக்குக் காட்டவும் பிள்ளை பழகியிருக்கக்கூடிய இடங்களையே நாம் மூடிவிடுகிறோம். நாலைந்து வருடம் கழித்து நேர்முகத் தேர்வில் "தலைமை தாங்கிய அனுபவம் உண்டா" என்று கேட்கும்போது பிள்ளை முழிக்கிறது.

தொழில் வழங்குநர்கள் பக்கத்துக் குற்றம் சிறியதல்ல. "தொடர்பாடல் திறன்" என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, உள்ளே அளப்பது பெரும்பாலும் ஆங்கில உச்சரிப்பையும் படித்த பாடசாலையின் பெயரையும்தான். பெண் பிள்ளையிடம் கலியாணம் எப்போது என்று கேட்கும் நேர்முகத் தேர்வுகள் இன்னும் நடக்கின்றன. அது எந்தத் திறனை அளக்கிறதோ தெரியாது. நண்டு வாங்க வரும் கம்பனியோடு தகப்பனுக்காக விலை பேசி, பதினாறு வயதிலேயே வீட்டுக் கணக்கை வைத்திருந்த கரையோரப் பிள்ளை தன் சுயவிபரக் கோவையில் அதை எழுதுவதில்லை. எழுதலாம் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. எழுதியிருந்தாலும் அதை அனுபவமாக மதிக்கும் கண் எத்தனை முகாமையாளருக்கு உண்டு?

ஏர்னஸ்ட் அன்ட் யங் நிறுவனம் 2015இல் பிரித்தானியாவில் பட்டத்தின் தரத்தை நுழைவு நிபந்தனையிலிருந்து எடுத்துவிட்டது. பல்கலைக்கழகப் பெறுபேறு பின்னாளைய தொழிற்பரீட்சை வெற்றியைக் காட்டுவதாகத் தமக்குச் சான்று கிடைக்கவில்லை என்றார்கள். அந்த இடத்தில் "பார்த்தால் தெரியும்" என்ற முதலாளியின் மூக்கை வைக்கவில்லை. எல்லா விண்ணப்பதாரருக்கும் பொதுவான திறன் சோதனைகளை வைத்தார்கள். எம்மவர்கள் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது பாதியை. புள்ளியை விட்டுவிட்டு வேறொன்றும் வைக்காவிட்டால் அந்த வெற்றிடத்தில் சிபாரிசுக் கடிதம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பரீட்சைப் புள்ளியை நம் சமூகம் இவ்வளவு இறுகப் பிடித்திருப்பதற்கு ஒரு நல்ல காரணம், ஆளைத் தெரியாதவனுக்கும் அது கதவைத் திறந்தது என்பதே.

ஆகவே முதலில் அரசு. வடக்கில் பட்டதாரிகள் எதிர்பார்த்திருக்கும் மிகப் பெரிய தொழில் வழங்குநர் அதுதான். 2007 ஜூலைக்குப் பின் சேர்ந்த அரச உத்தியோகத்தர் குறித்த காலத்துக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கும் அரசு, வேலைக்கு என்ன வேண்டும் என்பதை அறியாததல்ல. அதை நியமனத்துக்கு முன் கேட்கட்டும். ஒரு பொதுமகனின் முறைப்பாட்டைக் கேட்டு ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லட்டும். ஒரு கிராமத்தின் தரவைக் கொடுத்து அட்டவணை போடச் சொல்லட்டும். புள்ளிகளைப் பெயரோடு வெளியிடட்டும். பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேறிய ஆண்டின் வரிசையில் வேலை கொடுக்கும் முறை, காத்திருப்பதே தகுதி என்று ஒரு தலைமுறைக்குப் படிப்பித்துவிட்டது. நீண்டகாலம் காத்திருந்தவர்களுக்கு வயதெல்லையில் சலுகை கொடுக்கலாம். சோதனையில் சலுகை வேண்டாம்.

அடுத்தது பல்கலைக்கழகம். கலைப்பீட மாணவர் ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு பருவம், புள்ளி பெறும் பாடமாக, வெளி நிறுவனமொன்றில் வேலை இருக்க வேண்டும். வரலாறு படிக்கிறவருக்கு நூலகமும் ஆவணக் காப்பகமும், புவியியல் படிக்கிறவருக்குப் பிரதேச சபையும், தமிழ் படிக்கிறவருக்குப் பத்திரிகை அலுவலகமும் இந்த நகரத்திலேயே உண்டு. பத்திரிகைகளும் இதில் கதவைத் திறக்க வேண்டியவை என்பதை மறக்கவில்லை.

வர்த்தகர்களுக்கும் ஒரு சொல். பயிலுநரை எடுங்கள், எடுத்தால் படி கொடுங்கள். வேலணையிலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பிள்ளை ஆறு மாதம் சம்பளமில்லாமல் "அனுபவம்" பெற வேண்டும் என்றால், வீட்டில் காசு உள்ளவர்களுக்கு மட்டுமே அனுபவம் கிடைக்கும். படி கொடுக்க மனமில்லாத நிறுவனம், அனுபவமுள்ள பட்டதாரி இல்லையென்று முறைப்பட உரிமை இல்லாதது.